எழுந்திருக்கும் வேகம்

பாஸ்டன் நகரின் ஹீப்ரூ முதியோர் மறுவாழ்வு மையத்தில் 1980-களின் இறுதியில் பத்துப் பேர் ஒரு பரிசோதனைக்குச் சம்மதித்தார்கள். மிக இளையவருக்கு வயது 86, மூத்தவருக்கு 96. ஆளுக்கு நாலைந்து நாட்பட்ட நோய்கள், தினமும் நாலைந்து மாத்திரைகள். பெரும்பாலோர் கைத்தடியோ வாக்கரோ பிடித்துத்தான் நடமாடினார்கள். முன்பே கீழே விழுந்து அடிபட்டவர்களும் அவர்களில் அதிகம். இவர்களைப் பளு தூக்க வைப்பதுதான் பரிசோதனை.

நடத்தியவர் மரியா ஃபியாட்டரோன் என்ற இளம் மருத்துவர். நாற்காலி போன்ற ஓர் இயந்திரத்தில் அமர வேண்டும். கணுக்காலுக்கு மேல் ஒரு பட்டை அழுத்தும். அதைத் தள்ளி, மடங்கிய முழங்காலை நேராக நீட்ட வேண்டும். பட்டையின் மறுமுனையில் எடை தொங்கும். ஒருவரால் ஒரே ஒரு முறை மட்டும் தூக்க முடிகிற அதிகபட்ச எடை எவ்வளவு என்று முதலில் அளந்தார்கள். பயிற்சியில் அதன் 80 விழுக்காட்டைத் தூக்கச் சொன்னார்கள். எட்டெட்டுத் தடவையாக மூன்று சுற்று, வாரம் மூன்று நாள், எட்டு வாரம். இளைஞர்களின் ஜிம்மில் கொடுக்கும் கணக்குதான் இது. கிழவர்களுக்கென்று எந்தத் தள்ளுபடியும் இல்லை.

முடிவு 1990-இல் அமெரிக்க மருத்துவக் கழக இதழான ஜாமாவில் வெளிவந்தது. ஒருவர் பாதியில் விலகிவிட, ஒன்பது பேர் முடித்தார்கள். கால் வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொடக்கத்தில் ஒரு காலால் 8 கிலோ தூக்கியவர்கள் இப்போது 20 கிலோ தூக்கினார்கள். இரண்டு பேர் கைத்தடியை வைத்துவிட்டார்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியாதிருந்த மூவரில் ஒருவர் எழுந்துவிட்டார்.

இதில் இன்னோர் எண் கவனத்துக்குரியது. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது தொடைத் தசையின் குறுக்குப் பரப்பு 9 விழுக்காடுதான் கூடியிருந்தது. தசை 9, வலு 174. இடையில் உள்ள பெரும் வித்தியாசம் எங்கிருந்து வந்தது? நரம்பு மண்டலத்திலிருந்து. பல ஆண்டுகளாக யாரும் வேலை கொடுக்காததால் சும்மா கிடந்த தசை நார்களை மூளையும் தண்டுவடமும் மறுபடி கூப்பிடக் கற்றுக்கொண்டன. முதுமையில் வலு குறைவதைத் தசை குறைவதாக மட்டுமே எண்ணுவது பாதி உண்மை. தசைக்கு உத்தரவு போகும் வழியும் சேர்ந்தே தேய்கிறது.

அதே ஃபியாட்டரோன் 1994-இல் 100 பேரை வைத்து இதைத் திரும்பச் செய்தார். சராசரி வயது 87. ஒரு பிரிவுக்குப் பளுப் பயிற்சி, ஒரு பிரிவுக்குச் சத்து பானம், ஒரு பிரிவுக்கு இரண்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களின் வலு இரண்டு மடங்குக்கு மேலானது. நடை வேகம் ஏறக்குறைய 12 விழுக்காடும், படியேறும் திறன் 28 விழுக்காடும் கூடின. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்கு ஒரு மாற்றமும் இல்லை. அப்பா மெலிந்துவிட்டார் என்று மருந்துக்கடையில் விலை உயர்ந்த பவுடர் டப்பா வாங்கும் பிள்ளைகள் இந்த ஒரு வரியையாவது படிக்க வேண்டும்.

வயதாகும்போது தசை நலிவது மனிதன் தோன்றிய நாளிலிருந்து எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் மருத்துவத்தில் அதற்கு ஒரு பெயர்கூட இல்லாமல் இருந்தது. 1988-இல் அமெரிக்காவின் ஆல்புகர்கி நகரில் நடந்த ஒரு கூட்டத்தில்தான் இர்வின் ரோசன்பர்க் என்ற ஆய்வாளர், இதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறோம், பெயர் வைத்தாலாவது கவனிப்பார்கள் என்று சொல்லி ‘சார்கோபீனியா’ என்ற பெயரைக் கொடுத்தார். அமெரிக்காவின் நோய்ப் பட்டியலில் அதற்குத் தனிக் குறியீடு கிடைத்தது 2016-இல்.

அதே 1988-இல் யான் லெக்செல் என்ற ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர், உள்ளே நடப்பது என்ன என்பதை மிகப் பொறுமையாகப் பார்த்தார். 15 வயது முதல் 83 வயது வரை, நல்ல உடல்நலத்தோடு இருந்து திடீரென்று இறந்துபோன 43 ஆண்களின் தொடைத் தசையை முழுதாகக் குறுக்கே வெட்டி, நார்களை எண்ணினார். இருபது வயதோடு ஒப்பிட்டால் எண்பதில் அந்தத் தசையின் பரப்பு ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்திருந்தது. நார்களின் எண்ணிக்கையே குறைந்திருந்தது. மிஞ்சிய நார்களில் ஒரு வகை மட்டும் குறிப்பாகச் சுருங்கியிருந்தது.

எந்த வகை என்பதில்தான் இந்த அத்தியாயத்தின் மையம் இருக்கிறது. தசையில் இரண்டு வகை நார்கள் உண்டு. ஒன்று மெதுவாகச் சுருங்கும், களைக்காது. நிற்பதற்கும் நடப்பதற்கும் நாள் முழுக்க உழைப்பது அதுதான். மற்றது சட்டென்று சுருங்கும், பெரிய விசை கொடுக்கும், சீக்கிரம் களைத்துப்போகும். பஸ்ஸைப் பிடிக்க ஓடும்போதும், படியில் தாவும்போதும், தடுக்கி விழப்போகையில் காலை முன்னே ஊன்றும்போதும் வேலைக்கு வருவது இந்த வேக நார். லெக்செல் பார்த்த தசைகளில் அதிகம் சுருங்கியிருந்தது இந்த வேக நார்தான்.

ஒவ்வொரு தசை நாரும் தண்டுவடத்திலிருந்து வரும் ஒரு நரம்பணுவின் கீழ் இருக்கிறது. ஒரு நரம்பணுவின் கீழ் நூற்றுக்கணக்கான நார்கள்கூட இருக்கலாம். அறுபதைத் தாண்டியபின் இந்த நரம்பணுக்கள் வேகமாக அழியத் தொடங்குகின்றன. வேக நார்களை ஆளும் பெரிய நரம்பணுக்களுக்கு இழப்பு அதிகம். நரம்பை இழந்த நார்கள் அநாதையாகிவிடும். பக்கத்தில் உள்ள மெதுவான நரம்பு கிளைவிட்டு அவற்றில் சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும். தத்துப்போன நார் காப்பாற்றப்படும், ஆனால் வளர்த்தவர் குணம் அதற்கு வந்துவிடும். அதுவும் மெதுவான நாராக மாறிவிடும். தத்தெடுக்க ஆளில்லாத நார் வாடி மறையும். ஆக, வயதான தசை அளவில் குறைவது மட்டுமில்லை, நிதானமாகவும் ஆகிவிடுகிறது.

இந்த நிதானத்தின் விலை என்ன?

பள்ளிக்கூட இயற்பியலில் படித்ததை ஒரு நிமிடம் நினைவுக்குக் கொண்டுவரலாம். விசை ஒன்று, அந்த விசை எவ்வளவு வேகத்தில் வெளிப்படுகிறது என்பது வேறொன்று. இரண்டின் பெருக்குத்தொகை திறன். வாட் கணக்கில் அளப்பது. 50 கிலோ எடையுள்ள ஒரு பாட்டி 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படியில் ஏற 74 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு விநாடியில் ஏறினால் கால்கள் 74 வாட் திறனைக் கொடுக்கின்றன. கைப்பிடியைப் பற்றி, மூச்சு வாங்கி, இரண்டு விநாடியில் ஏறினால் 37 வாட். வேலை ஒன்றேதான், திறன் பாதியாகிவிட்டது. படியைப் பொறுத்தவரை இதில் ஆபத்தில்லை, படி காத்திருக்கும். வாசற்படி தடுக்கும்போது தரை காத்திருக்காது. தொடைத் தசை தன் முழு விசையை எட்ட ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்காவது தேவை. தடுக்கிய காலை மீட்டு முன்னே வைக்கக் கிடைக்கும் அவகாசம் அதற்கும் குறைவு. அந்த நேரத்தில் ஒருவர் மொத்தம் எத்தனை கிலோ தூக்குவார் என்பது பயன்படாது. முதல் கால் விநாடிக்குள் எவ்வளவு விசை வருகிறது என்பதே பயன்படும்.

லண்டனில் டான் ஸ்கெல்டனும் சக ஆய்வாளர்களும் 65 முதல் 89 வயது வரையுள்ள ஐம்பது ஆண்களையும் ஐம்பது பெண்களையும் அளந்து 1994-இல் வெளியிட்ட கணக்கு இது: நல்ல உடல்நலம் உள்ளவர்களிலேயே தசை வலு ஆண்டுக்கு ஒன்று முதல் இரண்டு விழுக்காடு குறைகிறது, கால்களின் திறன் ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடு குறைகிறது. கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் வட்டிக்கு வட்டி போல இருபது ஆண்டு கணக்குப் போட்டால், 65 வயதில் இருந்த வலுவில் முக்கால் பங்கு 85-இல் மிஞ்சும்; திறனில் பாதிதான் மிஞ்சும்.

பாஸ்டனின் தொண்ணூறு வயதுக்காரர்கள் எடையை மெதுவாகத்தான் தூக்கினார்கள். ஒரு முறை தூக்கி இறக்க ஆறு முதல் ஒன்பது விநாடி. பாதுகாப்புக்காக அப்படி. முதியவர்களின் பயிற்சி என்றாலே மெதுவாக, ஜாக்கிரதையாக என்ற வழக்கம் அதன்பின் பத்தாண்டுக்கு மேல் நீடித்தது. வேகம்தான் முதலில் போகிறது என்றால் வேகத்தையே பயிற்சியாகக் கொடுத்தால் என்ன என்று சிலர் கேட்டார்கள். 2002-இல் ரோஜர் ஃபீல்டிங் குழு, அன்றாட வேலைகளுக்கே சிரமப்படுவதாகச் சொன்ன 30 பெண்களை இரண்டாகப் பிரித்தது. சராசரி வயது 73. இரு பிரிவுக்கும் ஒரே இயந்திரம், ஒரே எடை. ஒருவரால் தூக்க முடிகிற அதிகபட்சத்தில் 70 விழுக்காடு. ஒரே ஒரு வேறுபாடு. முதல் பிரிவினர் இரண்டு விநாடி எடுத்து நிதானமாகத் தள்ளினார்கள். அடுத்த பிரிவினருக்குச் சொல்லப்பட்டது, முடிந்த மட்டும் வேகமாகத் தள்ளுங்கள், இறக்கும்போது மட்டும் மெதுவாக இறக்குங்கள் என்பதுதான். பதினாறு வாரம் கழித்து வலுவில் இரு பிரிவும் ஏறக்குறையச் சமம். காலால் தள்ளும் திறன் மட்டும் நிதானப் பிரிவில் 45 விழுக்காடும் வேகப் பிரிவில் 97 விழுக்காடும் கூடியிருந்தது.

அந்தப் பெண்கள் தள்ளிய எடை உண்மையில் பாய்ந்து போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கனமான எடையை எவ்வளவு வேகமாகத் தள்ள நினைத்தாலும் அது ஓரளவு மெதுவாகத்தான் நகரும். வேகமாகத் தள்ள வேண்டும் என்ற முனைப்பே போதும். உடல் சாதாரண வேலைக்கு முதலில் சிறிய, மெதுவான நரம்பணுக்களையே அழைக்கும். பெரியவற்றைக் கடைசியில்தான் அழைக்கும். பளு மிக அதிகமானாலோ, வேகம் மிக அவசரமானாலோ மட்டுமே அந்தப் பெரிய நரம்பணுக்களுக்கு அழைப்பு போகும். காலையில் பூங்காவில் மூன்று சுற்று நிதானமாக நடப்பவருக்கு இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது நடக்கிறது, சந்தேகமில்லை. வேக நார்களுக்கு மட்டும் அந்த நடையில் வேலையே வருவதில்லை. நம் ஊர் முதியவர்களில் உடற்பயிற்சி செய்கிறவர்கள்கூட நடையோடு நிறுத்திக்கொள்வது இந்த வகையில் ஒரு பெரிய குறை.

ஃபியாட்டரோன் பிற்பாடு சிட்னி பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழு அறுபதைத் தாண்டிய 112 பேரை வைத்து அடுத்த கேள்வியைக் கேட்டது: வேகமாகச் செய்வதென்றால் எவ்வளவு எடையில் செய்வது? ஒரு பிரிவுக்கு அதிகபட்சத்தில் 20 விழுக்காடு, ஒரு பிரிவுக்கு 50, ஒரு பிரிவுக்கு 80. மூன்று பிரிவிலும் திறன் ஏறத்தாழ ஒரே அளவு, 14, 15 விழுக்காடு கூடியது. வலு வேண்டுமென்றால் கனமான எடையே சிறந்தது. யாரும் எதிர்பாராதது, உடல் சமநிலையில் அதிக முன்னேற்றம் காட்டியது மிக லேசான எடையை மிக வேகமாகத் தூக்கிய பிரிவு. மூட்டுவலிக்காரருக்கும், கனம் என்றாலே பயப்படுகிறவருக்கும் இது ஆறுதலான செய்தி.

இதை வைத்து வேகப் பயிற்சியே சகல ரோக நிவாரணி என்று கிளம்புகிறவர்களும் உண்டு. 2022-இல் இருபது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எழுந்து நடமாடும் திறமையைப் பொறுத்தவரை வேகமாகச் செய்தவர்கள் மெதுவாகச் செய்தவர்களைவிட ஓரளவே முன்னால் இருந்தார்கள். ஆதாரத்தின் உறுதியும் குறைவு என்று தொகுத்தவர்களே எழுதினார்கள். விழாமல் தடுப்பதிலும் பளு மட்டும் போதாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2019 தொகுப்பு 108 ஆய்வுகள், 23,407 பேர் என்று பெரிய அளவில் அலசியது. உடற்பயிற்சியால் விழுவது மொத்தத்தில் 23 விழுக்காடு குறைந்தது. சமநிலைப் பயிற்சியும் வலுப் பயிற்சியும் சேர்ந்திருந்தால் 34 விழுக்காடு. வெறும் வலுப் பயிற்சி தனியாக விழுவதைக் குறைக்கிறதா என்பதற்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை. எனவே பளு, வேகம், சமநிலை மூன்றும் ஒரே தட்டில் வர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் கலந்த பயிற்சி என்று 2020-இல் சொன்னதும் இதனால்தான்.

எலும்பு என்னாகும் என்ற பயத்துக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பதில் வந்தது. கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் பெலிண்டா பெக் குழு, மாதவிடாய் நின்று எலும்பு மெலிந்த 101 பெண்களைச் சேர்த்தது. பாதிப் பேருக்கு வீட்டில் செய்யும் லேசான பயிற்சி. மற்றவர்கள் வாரம் இரண்டு நாள், அரைமணி நேரம், தரையிலிருந்து பளு தூக்கினார்கள், தோளில் பளுவோடு உட்கார்ந்து எழுந்தார்கள், தலைக்கு மேல் தூக்கினார்கள், கம்பியைப் பிடித்துக் குதித்துத் தொப்பென்று இறங்கினார்கள். எடை அவரவர் அதிகபட்சத்தில் 85 விழுக்காட்டுக்கும் மேல். எட்டு மாதத்தில் இவர்களுடைய கீழ்முதுகு எலும்பின் அடர்த்தி 2.9 விழுக்காடு கூடியது; லேசாகச் செய்தவர்களுக்கு 1.2 விழுக்காடு குறைந்தது. எலும்பு முறிவு எதுவும் நேரவில்லை. ஒருவருக்குச் சற்றே முதுகுப் பிடிப்பு வந்தது, அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வகுப்பிலும் பயிற்சியாளர் பக்கத்திலேயே நின்றார் என்பதை விட்டுவிடக் கூடாது. யூட்யூப் பார்த்து வீட்டில் தனியாகச் செய்யும் காரியமல்ல இது.

தமிழ்நாட்டில் பாட்டி தாத்தாக்களுக்குப் போன தலைமுறை வரை ஒரு பயிற்சி தானாகவே நடந்துகொண்டிருந்தது. தரையில் சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுவது, குந்தி உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பது, இந்திய முறைக் கழிப்பறை. ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை உடல் தரைக்கும் நிற்கும் நிலைக்கும் இடையில் ஏறி இறங்கியது. இன்று டைனிங் டேபிளும் வெஸ்டர்ன் டாய்லெட்டும் வந்த வீட்டில் அந்த ஏற்ற இறக்கம் அடியோடு நின்றுவிட்டது. முழங்கால் தேய்ந்தவருக்கு உயரமான கழிப்பறை வரப்பிரசாதம்தான். முழங்கால் நன்றாக இருப்பவருக்கும் அதையே பழக்கிவிட்டதுதான் சங்கடம்.

ரியோ டி ஜெனிரோவில் கிளாடியோ கில் அராவ்ஜோ என்ற மருத்துவர் இந்தத் தரைப் பழக்கத்தையே ஒரு சோதனையாக்கினார். கையையோ முழங்காலையோ ஊன்றாமல் தரையில் உட்கார வேண்டும். அதேபோல எழ வேண்டும். உட்கார ஐந்து, எழ ஐந்து என்று மொத்தம் பத்து மதிப்பெண். ஊன்றும் ஒவ்வொரு கைக்கும் முழங்காலுக்கும் ஒன்று கழியும், தள்ளாடினால் அரை. 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைச் சோதித்துச் சராசரியாக ஆறாண்டுக்கு மேல் கவனித்தார். 159 பேர் இறந்தார்கள். மூன்று மதிப்பெண்ணைத் தாண்டாதவர்களின் இறப்பு அபாயம், எட்டும் அதற்கு மேலும் வாங்கியவர்களைவிட ஐந்தாறு மடங்கு. தரையில் உட்கார்ந்து எழுந்தால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் சொல்லக் கூடாது. உடலின் வலு, வளைவு, சமநிலை, எடை எல்லாவற்றையும் ஒரே அசைவில் காட்டிவிடும் சோதனை அது. காய்ச்சல்மானியைக் குளிர்ந்த நீரில் வைத்தால் காய்ச்சல் போகாது.

“நீங்க உட்காருங்கப்பா, நான் எடுத்துட்டு வர்றேன்” என்பது நம் வீடுகளில் பாசத்தின் வழக்கமான வாசகம். தண்ணீர்ச் செம்பிலிருந்து செய்தித்தாள் வரை எல்லாம் நாற்காலிக்கே வந்து சேரும். மருத்துவமனை என்றால் கேட்கவே வேண்டாம். படுக்கையை விட்டு இறங்கவே விடமாட்டார்கள், நர்ஸும் விடமாட்டார், மருமகளும் விடமாட்டார். நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2007-இல் வந்தது. பத்தே நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. நோயே இல்லாதவர்களுக்கு இந்தக் கதி.

இதற்கு மாற்று என்ன என்பதை ஸ்பெயினின் பாம்ப்லோனா நகரத்து மருத்துவமனை 2019-இல் காட்டியது. அவசர நோய்க்காகச் சேர்க்கப்பட்ட 370 பேர், சராசரி வயது 87. ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்குச் சிகிச்சையோடு, காலையும் மாலையும் இருபது நிமிடம் பயிற்சி: கால் தள்ளும் இயந்திரம், நாற்காலியிலிருந்து எழுவது, நடை, சமநிலை. ஒரு வாரத்துக்குள்தான் எல்லாமே. வழக்கமான சிகிச்சை பெற்றவர்கள், நோய்க்கு முன் செய்துகொண்டிருந்த அன்றாட வேலைகளில் சிலவற்றை இழந்து வீட்டுக்குப் போனார்கள். பயிற்சி செய்தவர்களில் அந்த இழப்பு இல்லை. நடையும் எழும் திறமையும் சேர்ந்தபோது இருந்ததைவிட மேம்பட்டிருந்தது. பயிற்சியால் யாருக்கும் தீங்கு நேரவில்லை. நம் ஊர்த் தனியார் மருத்துவமனைகளின் பளபளப்பான முதியோர் பிரிவுகளில் ஒரு கால் தள்ளும் இயந்திரம் வைக்க எத்தனை இடம் வேண்டும்?

வீட்டில் தொடங்க இயந்திரமும் வேண்டாம். கை வைக்காத, நகராத, உறுதியான ஒரு நாற்காலி போதும். பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுவது நல்லது. கால் வெறுங்காலாக இருக்கட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும், புடவைக் கொசுவம் காலில் சிக்காமல் தூக்கிச் செருகப்பட்டிருக்கட்டும். இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்றே பின்னால் இழுத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடி சட்டென்று எழ வேண்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மூன்று எண்ணும் நேரம் எடுத்து இறங்க வேண்டும். இந்த இறக்கத்திலும் தசைக்கு வேலை உண்டு. சிலம்பக் கூடத்துப் பிள்ளைகள் போடும் பஸ்கியின் நாற்காலி வடிவம் இது.

கையூன்றாமல் எழ முடியாதவர் முதலில் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். வாரங்கள் போகப் போகத் தலையணையை எடுத்துவிடலாம். எட்டுப் பத்து முறை எளிதாக வந்துவிட்டால் கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொள்ளலாம்; அது ஒரு கிலோ. பிறகு இரண்டு பாட்டில். பலரும் கோட்டைவிடும் இடம் இதுதான். ஆறு மாதமாக அதே பத்து முறை, அதே எடை என்றால் உடலுக்கு அது பயிற்சியாகவே தெரியாது. கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால்தான் அளவு சரி. சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலைச் சட்டென்று உயர்த்தி மெதுவாக இறக்குவது கெண்டைக்காலுக்கு. மேடைக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது சமநிலைக்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், இருபது நிமிடம் போதுமானது.

முக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்தால் ரத்த அழுத்தம் அந்த நேரத்துக்கு எகிறும். அதனால்தான் எழும்போது மூச்சை விட வேண்டும். கட்டுப்படாத ரத்த அழுத்தம், ஓய்விலேயே வரும் நெஞ்சுவலி, இதய வால்வு கடுமையாகச் சுருங்கிய நிலை, சர்க்கரையால் விழித்திரையில் ரத்தக் கசிவு, அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை என்றால் மருத்துவர் அனுமதி இல்லாமல் தொடங்கக் கூடாது. மறுநாள் தொடை வலித்தால் அது தசையின் வலி, பயமில்லை. மூட்டு வீங்கினால், நெஞ்சு அடைத்தால், தலை சுற்றினால் நிறுத்திவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதியோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று 2013-இல் கூடிய பன்னாட்டு நிபுணர் குழு சொன்னது. 55 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளுக்கு 55 முதல் 66 கிராம். காலையில் இட்லி சட்னி, மதியம் சோறு ரசம், இரவில் “எதுக்கு, ரெண்டு பிஸ்கட் போதும்” என்று முடித்துக்கொள்ளும் பாட்டிக்கு அதில் பாதி கிடைப்பதே கஷ்டம். ஒரு முட்டை ஆறு கிராம், நூறு கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் எட்டு ஒன்பது கிராம் என்று கூட்டிக்கொண்டு போக வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் கூட்டலாம்.

எப்போது தொடங்குவது? சண்டிகரைச் சேர்ந்த மன் கௌர் 93 வயதில் ஓடத் தொடங்கி, 2017-இல் 101 வயதில் ஆக்லாந்து உலக முதியோர் விளையாட்டில் நூறு மீட்டரை ஓடி முடித்தார். அது அபூர்வம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. இரண்டு ஆய்வுகள் இரண்டு விதமாகப் பதில் சொல்கின்றன. பாஸ்டனின் தொண்ணூறு வயதுக்காரர்கள் பயிற்சியை நிறுத்திய நான்கே வாரத்தில், எட்டிய வலுவில் 32 விழுக்காட்டை இழந்துவிட்டார்கள். அந்த வயதில் தொடங்கலாம், ஆனால் நிறுத்த முடியாது. கோபன்ஹேகனில் 2024-இல் வெளியான ஆய்வு வேறு மாதிரி. பணி ஓய்வு பெறும் வயதிலிருந்த 451 பேரில் ஒரு பிரிவினர் ஓராண்டு மட்டும் வாரம் மூன்று நாள் கனமான பளு தூக்கினார்கள். தொடங்கி நான்காண்டு கழித்து அளந்தபோது மற்றவர்களின் கால் வலு சரிந்திருந்தது. இவர்களுடையது தொடக்கத்தில் இருந்த அளவிலேயே நின்றது. ஓய்வு பெற்றவுடன் காசி ராமேஸ்வரம் போவதோடு இந்த ஓராண்டையும் சேர்த்துக்கொள்வது நல்ல முதலீடு என்றுதான் தோன்றுகிறது.

வீட்டில் பெரியவர் இருந்தால் இந்த வாரமே ஒரு நாற்காலியைச் சுவரோடு போட்டு, பக்கத்தில் நின்றுகொண்டு, கைகளைக் கட்டிய நிலையில் முப்பது விநாடியில் அவர் எத்தனை முறை முழுதாக எழுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். 60 முதல் 64 வயதுக்கு ஆண் 14, பெண் 12. 70 முதல் 74-க்கு ஆண் 12, பெண் 10. 80 முதல் 84-க்கு ஆண் 10, பெண் 9. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் பயன்படுத்தும் அளவு இது. இதற்குக் கீழே வருபவருக்கு விழும் அபாயம் அதிகம். வந்த எண்ணைத் தேதியோடு நாட்காட்டியில் எழுதி வையுங்கள், மூன்று மாதம் பயிற்சி செய்தபின் மறுபடி எண்ணுங்கள்.